வீட்டு வாசலில் ஆயில் மாற்றப்படும்

இனி எங்கள் வீட்டுக் கார் கம்பெனி ஷோரூம் பக்கம் தலைவைத்தும் படுக்காது என்று நான் சபதம் செய்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். கார் எப்படித் தலைவைத்துப் படுக்கும் என்று கேட்காதீர்கள். சபதம் செய்கிறவன் இலக்கணம் பார்க்க மாட்டான்.

என் மனைவி பெயர் ஜெனீவா. கேட்டதும் சமாதான உடன்படிக்கை ஞாபகத்துக்கு வரும். எங்கள் வீட்டிலும் உடன்படிக்கைகள் உண்டு. ஷரத்துகளை அவள் சொல்வாள், நான் சம்மதிப்பேன். அமெரிக்காவில், டொலீடோ நகரத்து உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன் என்பதால், தோற்ற தரப்பு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. அந்த உடன்படிக்கைகளில் ஒன்று, புல் வெட்டுவது நான், காரை ஆயில் மாற்றக் கொண்டுபோவது அவள்.

அன்று அவள் ஷோரூமிலிருந்து திரும்பும்போது வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தோம். எல்லாரும் என்றால் நானும் நாயும். காலையில் போனவள். ஆயில் மாற்றினதோடு விட்டார்களா என்றால் இல்லை. ஏசி ஃபில்டரைக் கழற்றி ஒரு தட்டில் வைத்து, டாக்டர் எக்ஸ்ரே காட்டுகிற மாதிரி துக்க முகத்தோடு கொண்டுவந்து காட்டினார்களாம். வைப்பரும் போய்விட்டதாம். போன தடவை பிரேக் எண்ணெய் போனது. இப்படியே போனால் அடுத்த தடவை கார் மட்டும் இருக்கும், வீடு போய்விடும்.

பக்கத்து வீட்டு கிளைட் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மனிதர் வாழ்நாளில் ஒரு தடவைகூட ஷோரூமுக்கு வண்டி விட்டதில்லை. ஆயில் மாற்றுவதற்குக் கண்ணாடி மாளிகை எதற்கு, சிமெண்டுத் தரை போதும் என்பது அவர் கட்சி. "ஒரு போல்ட்டைக் கழட்டணும், ஒரு ஃபில்டரை மாத்தணும், மேல ஊத்தணும். இதுக்குப் போயி பாவம் ஜெனீவாவை நாள்பூரா அங்க உக்கார வைக்கறியே" என்றார்.

அந்தப் 'பாவம்' என்னைச் சுட்டது. பாவம் செய்தவன் நான்தானே.

உள்ளே போய் என் சபதத்தை அறிவித்தேன். ஜெனீவா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப இனிமே நான் ஷோரூமுக்குப் போக வேண்டாமா?"

"வேண்டாம். அந்தத் தொல்லை இன்னியோட தீந்தது. நானே மாத்தறேன்."

"நீயேவா?"

"நானே."

அவள் ஜன்னல் வழியாகக் காரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் லேசாகக் கலங்கின மாதிரி இருந்தது. இருபது வருஷத் தாம்பத்தியத்தில் என் அன்பு அவளை இப்படி உருக்கியதே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சாமான்கள் வாங்கினேன். காரை ஏற்றி நிறுத்த இரண்டு சாய்தளம். கீழே சறுக்கிக்கொண்டு போகச் சக்கரம் வைத்த பலகை. ஃபில்டரைத் திருக ஒரு கருவி, அது சரிவராவிட்டால் இன்னொரு கருவி. மார்பில் 'வெண்டல்' என்று பெயர் தைத்த நீல அங்கி. அந்தப் பெயர் தைக்கிற இடத்துக்கு மட்டும் நான் இரண்டு நடை போனேன். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் தேவலை என்று பட்டது.

அடுத்த சனிக்கிழமை காரை ஏற்றி நிறுத்திவிட்டு அடியில் புகுந்தேன். புகுந்த பிறகுதான் டார்ச் வெளியே இருப்பது தெரிந்தது.

"ஜெனீவா, டார்ச்!"

அவள் வராந்தாவில் ஒரு தடிமனான நாவலோடு உட்கார்ந்திருந்தாள். படித்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே வந்து டார்ச்சைக் கொடுத்தாள். திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அப்புறம் துணி கேட்டேன். அப்புறம் பழைய பேப்பர். அப்புறம் போல்ட்டை இடப்பக்கம் திருகினால் கழலுமா வலப்பக்கமா என்று கேட்டேன். படுத்துக்கொண்டு பார்க்கும்போது இடமும் வலமும் கட்சி மாறிவிடுகின்றன. போல்ட் திடீரென்று கழன்றபோது சூடான ஆயில் என் அங்கியின் கைக்குள் நுழைந்து, அக்குளில் ஒரு வளைவு எடுத்து, முதுகு வழியாகத் தரையிறங்கியது. அப்போதும் ஜெனீவாவைத்தான் கூப்பிட்டேன். அன்று சாயங்காலம் வரை அந்த நாவலில் கதாநாயகி ரயிலை விட்டு இறங்கவேயில்லை என்று பிறகு சொன்னாள்.

ஆனால் மாற்றிவிட்டேன். சிமெண்டுத் தரையில் ஈரி ஏரி போல ஒரு கறை. அந்த ஏரிக்கு நாங்கள் பக்கம்தான் என்றாலும் வீட்டு வாசலிலேயே வந்தது பெருமையாகக்கூட இருந்தது. காரை ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஜெனீவா என்னை அங்கியோடு நிற்க வைத்துப் படம் எடுத்தாள். "பிரமாதம் வெண்டல். இவ்வளவு நல்லா செய்வேன்னு நான் நினைக்கவே இல்ல. எல்லார்கிட்டயும் சொல்லணும்" என்றாள்.

கணவர்களே, மனைவி பாராட்டும்போது வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து அடக்கமாக நின்றேன்.

சர்ச்சில் ஆராதனை முடிந்து எல்லாரும் காப்பி குடிக்கிற இடத்தில் அந்தப் படம் கை மாறியது. அடுத்த சனிக்கிழமை நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஹாரன் சத்தம். என் மாமியார் பெவர்லி. அவருடைய கார் படகு மாதிரி நீளம். உள்ளே வரவில்லை, சாவியை நீட்டினார். கையில் பூசணிக்காய்க் கேக்.

"மகள் சொன்னா. மருமகன் கையால ஆயில் மாத்தினா வண்டி பட்டு மாதிரி ஓடுதாம். எனக்கு அவசரமில்ல. நீ நிதானமா செய்."

மாமியாருக்கு எப்படி முடியாது என்று சொல்வது? அதுவும் கேக்கோடு வந்த மாமியாருக்கு? செய்தேன். அவர் நாற்காலி போட்டுக்கொண்டு சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்து, காலமான தன் கணவர் இதே வேலையை எவ்வளவு சீக்கிரம் முடிப்பார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரது நிதானம் அவ்வளவுதான்.

அதற்கடுத்த சனிக்கிழமை மாமியார் மறுபடி வந்தார், வேடிக்கை பார்க்க. கூடவே பாஸ்டரின் மனைவி ஆர்லீன், சர்ச் வேனோடு. அவருக்குப் பின்னால் ஜெனீவாவின் தோழிகள் இரண்டு பேர், இரண்டு கார். நான் ஜெனீவாவைப் பார்த்தேன். அவள் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டுவிட்டு, இத்தனை பேருக்கு எலுமிச்சை ஜூஸ் போட வேண்டாமா என்று உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை.

வேனின் பழைய ஆயிலை வடித்தேன். ஃபில்டரை மாற்றினேன். நான்கு பெண்கள் பார்க்கிறார்கள் என்கிற கம்பீரத்தில் மூடியைத் திறந்து புது ஆயிலை ஊற்றினேன். தேன் நிறம். அழகாக இறங்கியது.

மாமியார் குனிந்து பார்த்தார். "வெண்டல், மேல ஊத்தறது கீழ வருது. அது அப்படித்தானா?"

போல்ட் என் சட்டைப் பையில் இருந்தது.

வரலாற்றில் பெரிய தோல்விகளுக்கெல்லாம் பின்னால் யாரோ ஒருவர் அவசரமாகச் சொன்ன ஒரு பொய் இருக்கும். நான் சொன்னேன்: "அது அலசறது. முதல்ல கொஞ்சம் புது ஆயில் விட்டு உள்ள அலசிட்டு, அப்புறம்தான் மூடணும்."

ஆர்லீன் கையைக் கோர்த்துக்கொண்டார். "அலசி வேற விடறீங்களா? ஷோரூம்ல ஒரு நாள்கூட இதைச் செஞ்சதில்ல. நீங்க ரொம்ப மனசாட்சி உள்ளவர் வெண்டல்."

அதோடு முடிந்தது என் நிம்மதி. அந்த வாரமே சர்ச் முழுக்க அலசல் விஷயம் பரவிவிட்டது. இந்தத் தடவை ஜெனீவா ஒன்றும் செய்யவில்லை, அந்த நெருப்பைப் பற்றவைத்தவன் நானே. அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லாரும் அலசிவிடச் சொல்லிக் கேட்டார்கள். சர்ச் வாத்தியக் குழுவில் கொம்பு வாசிக்கிறவர் தன் புல் வெட்டும் வண்டியைக் கொண்டுவந்து அதையும் அலசச் சொன்னார். சனிக்கிழமை என்றாலே எங்கள் தெருவில் வரிசை. ஆயில் மாற்றினால் காரின் ஆயுள் கூடும் என்பார்கள். கூடுகிற ஆயுள் யாரிடமிருந்து எடுக்கப்படுகிறது என்பதை நான் பலகையில் மல்லாந்து படுத்துக்கொண்டு கண்டுபிடித்தேன்.

கிளைட் ஒரு சனிக்கிழமை வேலியருகே வந்து நின்றார். உதவிக்குக் கூப்பிட்டேன். தான் தன் வண்டிக்கு மட்டும்தான் செய்வேன் என்றும், அதை யாரிடமும் சொன்னதில்லை என்றும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கடைசியில் என் முதுகு பேசியது. ஒரு திங்கட்கிழமை வகுப்பில் சாக்பீஸ் எடுக்கக் குனிந்தவன், மணி அடிக்கும்வரை குனிந்த நிலையிலேயே பாடம் நடத்தினேன். மாணவர்கள் நான் ஏதோ தோற்ற மன்னனை நடித்துக் காட்டுவதாக நினைத்துக் கவனமாகக் கேட்டார்கள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நான் மெல்ல ஆரம்பித்தேன். கம்பெனி சர்வீஸ் என்றால் பயிற்சி பெற்ற ஆட்கள், கேரண்டி பிரச்சினை வராது, ஏசி ஃபில்டரைக்கூட அக்கறையாகத் தட்டில் வைத்துக் காட்டுகிறார்கள் என்று பேசிக்கொண்டே போனேன். ஜெனீவா உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"அதெல்லாம் எதுக்கு வெண்டல்? நீ ஆசையாச் செய்யறே. ஜனங்களும் உன்னை நம்பி வராங்க."

"ஜனங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நம்ம வண்டியை நீ கொண்டு போயேன்."

"எனக்கு அங்க உக்காந்தே நாள் போயிடும். நீதானே சொன்னே, தொல்லைன்னு."

"சொன்னேன். இந்த ஒரு தொல்லையை மட்டும் எனக்காகப் பொறுத்துக்கோ."

அவள் யோசித்தாள். எனக்கு உயிர் போயிற்று. பிறகு பெருமூச்சு விட்டாள். சரி, உனக்காக என்றாள். ஆனால் நம் வண்டியை மட்டும் ஷோரூமில் விட்டுவிட்டு அம்மா வண்டியை இங்கே நிறுத்தினால் நன்றாக இருக்காது, அதையும் தானே கொண்டுபோகிறேன் என்றாள். பள்ளிக்கு நான் ஓட்டிப்போகிற என் பழைய காரும் இருக்கிறதே, அதையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றாள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சனிக்கிழமை. எனக்காக இத்தனை சனிக்கிழமைகளைத் தியாகம் செய்கிறாளே என்று எழுந்து போய் அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். எழுந்தபோது முதுகில் சத்தம் வந்தது. பொருட்படுத்தவில்லை.

முதல் சனிக்கிழமை அவள் எங்கள் காரோடு கிளம்பினாள். மத்தியானம் ஆகியும் வரவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. பாவம், என் முதுகுக்காக அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் காய்ந்துகொண்டிருப்பாள். ஹாம் சாண்ட்விச் செய்து, ஊறுகாய் வெள்ளரிக்காயை அவளுக்குப் பிடித்த மாதிரி தனியாகச் சுற்றி, என் பழைய காரில் எடுத்துக்கொண்டு போனேன்.

கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம், என் மனைவியின் வண்டிக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும், கொஞ்சம் சீக்கிரம் முடித்துக்கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஜெனீவாவோட வண்டியா சார்? அது காலைலயே ரெடி ஆயிடுச்சு. 'நானா வந்து கேக்கற வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க'ன்னு எப்பவும் சொல்லி வைப்பாங்க. அதனாலதான் நாங்க கூப்பிடல."

எப்பவும். அந்த ஒரு வார்த்தை என் காதில் போல்ட் மாதிரி கழன்று விழுந்தது.

உள் அறைக்குப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலி எதுவும் இல்லை. மூலையில், வெயில் விழுகிற இடத்தில், தோல் வைத்த சாய்வு நாற்காலி. அதில் ஜெனீவா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இலவசக் காப்பி, ஒரு டோனட். மடியில் அந்தத் தடிமனான நாவல், கிட்டத்தட்ட முடிகிற இடத்தில். அவள் முகத்தில் இருந்த சாந்தத்தை நான் கடைசியாகப் பார்த்தது எங்கள் தேனிலவில், நான் தூங்கிக்கொண்டிருப்பதாக அவள் நினைத்த ஒரு காலையில்.

எதிரே போய் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம்கூடத் திடுக்கிடவில்லை. சாண்ட்விச்சை வாங்கிக்கொண்டாள்.

"அந்தப் பொம்பளைங்களையெல்லாம் நீதான் அனுப்பினியா?"

"நீ நல்லா ஆயில் மாத்தறேன்னு சொன்னேன். பொய்யா?"

பொய் இல்லை. அதுதான் வலித்தது. ஆனால் அவள் வெள்ளரிக்காயைப் பிரித்துக் கடித்துவிட்டு, தன் கைப்பையைப் பக்கத்து நாற்காலியிலிருந்து எடுத்து எனக்கு இடம் கொடுத்தாள். உட்கார்ந்தேன். என் முதுகு அந்தத் தோலில் சாய்ந்ததும் எனக்குக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அறையில் சத்தமே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ யாருடைய காருக்கு அடியிலோ படுத்திருந்தார்கள். அது நான் இல்லை. இவளிடமிருந்து இதைப் போய்த் தொல்லை என்று பறித்தேனே என்று நினைத்தபோது அவள் மேல் ஆசை பொங்கியது. அதைச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது.

"ஜெனீவா" என்றேன்.

அவள் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டாள். தலை நிமிரவில்லை.

"நீ இப்படிப் பேச வருவேன்னுதான் வெண்டல், உன் காருக்கு மட்டும் நான் இங்க வராத சனிக்கிழமையாப் பார்த்து டைம் வாங்கி வச்சிருக்கேன். அதை நீயே கொண்டுவந்து உக்காந்துக்கோ."