நல்லவனுக்கு எதற்கு உவமை?

சிங்கப்பூரில் எங்கள் டெய்லர் அண்ணனைவிடக் கெட்டவர் யாரும் இருந்ததில்லை. மேடையைத்தான் சொல்கிறேன். தேக்கா சந்தை மாடியில் ஜாக்கெட் தைக்கும்போது அவர் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதர். ஆனால் எங்கள் சின்ன நாடகக் குழுவில் பதினெட்டு வருஷமாக வில்லன் வேஷம் வேறு யாருக்கும் போனதில்லை.

குழுவுக்கு நாடகம் எழுதுவது நான். ஃபேரர் பார்க்கில் ஒத்திகைக்கு உட்கார்ந்ததும் அண்ணன் பிரதியை வாங்கி, கதாநாயகன் பேசுகிற உவமைகளை எல்லாம் பென்சிலால் அடித்துவிடுவார்.

“நல்லவன் நேராப் பேசுவான், தம்பி. அவனுக்கு எதுக்கு உவமை? சுத்தி வளைக்கிறது கெட்டவன் வேலை. அதெல்லாம் இந்தப் பக்கம் தள்ளுங்க.”

கதாநாயகன் பாவம், “நான் வருகிறேன்”, “நீ போ” என்று சொல்லிவிட்டுப் போவான். கைதட்டல் முழுக்க அண்ணனுக்கு.

சுவா சூ காங்கில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு நாள் தூணைப் பார்த்து, “உன் வாழ்க்கையைத் தையல் பிரிச்சு நூல் நூலாத் தொங்கவிடுறேன்டா!” என்று கத்திப் பழகினார். தமிழ் தெரியாத பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு அந்தக் குரலே போதுமாக இருந்தது. போலீஸ் வந்துவிட்டது. வந்த அதிகாரி தமிழர். அண்ணன் அவரிடம் ஆவலாக, “எப்படி, பயமா இருந்துச்சா?” என்று கேட்டார். மனைவி ராசாத்தி அக்காதான் ஓடிவந்து, “டிராமா லா தம்பி! வீட்டுல இவருக்குக் கரப்பான் பூச்சின்னாலே நடுக்கம்” என்று மானத்தை வாங்கி ஆளைக் காப்பாற்றினார்.

அந்த அக்காவுக்குப் புற்றுநோய் வந்தது. கண்டுபிடித்தபோதே வெகுவாகப் பரவியிருந்தது. அக்கா அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ஏங்க, ஒவ்வொரு நாடகத்துலயும் பக்கத்து சீட்டுக்காரங்க உங்களைத் திட்டுறதைக் கேட்டுக்கிட்டே உட்கார்ந்திருக்கேன். ஒரு தடவை நல்லவரா வாங்களேன். பாத்துட்டுப் போறேன்.”

அவசர அவசரமாக ஓர் அன்பான அப்பா வேஷம் எழுதினேன். ஒத்திகையில் அண்ணன், “வாம்மா... சாப்பிட்டியா?” என்றார். மகளாக நடித்த பெண் இரண்டடி பின்வாங்கினாள்.

“அண்ணே, சோத்துல விஷம் வெச்ச மாதிரி கேக்குறீங்க” என்றேன். எல்லாரும் சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை.

“நேரம் இல்ல, தம்பி” என்றார்.

நாடகத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இனி வீடு திரும்பமாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் அப்பா வேஷத்துக்குத் தானே தைத்த ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு வார்டுக்குக் கிளம்பினார். பிரதியோடு நானும் போனேன்.

கட்டிலருகே நின்று தொண்டையைச் செருமினார். அவர் பேசவேண்டிய வசனம், “கவலைப்படாதே, எல்லாம் சரியாயிடும்.” வாயில் வரவில்லை. மறந்துவிட்டாராக்கும் என்று நான் மெதுவாக எடுத்துக்கொடுத்தேன். கையைக் காட்டி என்னைத் தடுத்தார்.

“அது பொய், தம்பி.”

பிறகு அக்கா பக்கம் திரும்பினார். “ராசாத்தி, நீ இல்லாம எனக்கு இருக்கத் தெரியாது. பயமா இருக்கு.”

அக்கா, “இந்த ஆளை இவ்வளவு நாளா எங்கங்க வெச்சிருந்தீங்க?” என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் வெளியே வந்து அழுதேன்.

நாடகத்துக்கு முன்பே அக்கா போய்விட்டார். அண்ணன் அப்புறம் மேடைக்கு வரவில்லை. புது நாடகத்தில் வில்லன் வேஷத்தை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.