நாலரைக் கிலோ அப்பா

அப்பாக்களில் எத்தனையோ வகை உண்டு. அவர்களில் நாலரைக் கிலோ அப்பா ஒரு தனி இனம், நீங்களும் பார்த்திருப்பீர்கள். மனைவிக்கு ஒன்பதாவது மாதம் பிறந்ததும் இவர் நடையே மாறிவிடும். சுமப்பது அவள், மூச்சு வாங்குவது அவள், குனிய முடியாமல் செருப்பைக் காலாலேயே துழாவித் தேடுவது அவள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பது மட்டும் இவர்.

நமக்குத் தெரிந்தவர் இரும்பு பீரோ கடையில் விற்பனையாளர். கனம்தான் தரம் என்று பன்னிரண்டு வருடமாக வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லி, கடைசியில் தானே அதை நம்பிவிட்டவர். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, குழந்தை கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது, மூன்றரைக் கிலோ இருக்கலாம், அரைக் கிலோ கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம், சுகப்பிரசவத்துக்கே பார்ப்போம், தேவைப்பட்டால் ஆபரேஷன் என்று பொறுமையாகச் சொன்னார். இவர் காதில் விழுந்தது 'கூடவும்' ஒன்றுதான். ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போதே நான்கு கிலோ. முடிவெட்டும் கடையில் நாலேகால். மறுநாள் இரண்டு பீரோவைத் துடைத்து முடிப்பதற்குள் நாலரை.

கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்கு அவளுக்குப் போன் போட்டார்கள். நாத்தனார், தன் சிநேகிதியின் குழந்தைக்குப் பிரசவத்தில் தோள் மாட்டிக்கொண்ட கதையை ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டு, பயப்படாதே என்று முடித்தாள். முதலாளியின் மனைவி ஆபரேஷன் தையல் பிரிந்த கதையைச் சொல்லி, பயப்படாதே என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டே அவளுக்குப் பயம் பிடித்தது. கண்ணை மூடினால், வெளியே வர வழி தெரியாமல் குழந்தை திகைத்து நிற்பதுபோல் தெரிந்தது. ஆஸ்பத்திரிப் பையை நான்கு முறை அடுக்கினாள். நான்கு முறை பிரித்தாள்.

ஒரு சாயங்காலம், யாரிடமோ நாலரைக்கு ஒரு கிராம் குறையாது என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

"என்னங்க, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"நல்லபடியா வெளியில வந்தாப் போதும்னு, ஒருத்தர்கிட்டயாவது சொன்னீங்களா?"

அவர் போனைத் தூக்கி அலமாரி மேல் வைத்தார். ஐந்து நிமிடம்தான். இந்த இனத்தின் வாய்க்கு அதற்கு மேல் ஓய்வு கிடையாது.

மறுநாள் காலையில் வலி கண்டது. பதினோரு மணி நேரம். இனி முடியாது என்று அவள் டாக்டரம்மாவின் கையைப் பிடித்த நேரத்தில், அறை அதிர ஒரு அழுகை கேட்டது. அவளும் அழுதாள். ஊரார் சேர்த்துக் கொடுத்த பயமெல்லாம் கன்னத்தில் வழிந்து காதுக்குள் இறங்கியது.

நர்ஸ் எடை பார்த்தாள். மூன்று கிலோ நூறு கிராம். பெண் குழந்தை.

உள்ளே வந்த அப்பா எட்டிப் பார்த்தார். "மெஷின் சரியாத்தான் காட்டுதா, சிஸ்டர்?"

நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி அவர் கையில் வைத்தாள். அவ்வளவுதான். இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, கால் பெயர்க்காமல் நின்றார்.

"சீக்கிரம் வாங்கிக்கோங்க, சிஸ்டர். என்னால தாங்க முடியல. ரொம்பக் கனமா இருக்கு."

கட்டிலில் கிடந்தவள் சிரித்தாள். சிரித்தால் வலித்தது. ஆனாலும் சிரித்தாள்.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? இப்போது கடையில் மகளின் தலைமுடி நீளத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் மூன்று கிலோ நூறு என்று படித்ததும், 'ப்பூ, இவ்வளவுதானா?' என்று உங்கள் மனசு ஒரு கணம் உச்சுக்கொட்டியதே, அதை யாரும் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்?