அம்மனுக்கு அவசரமில்லை

கண்ணை மூடிக்கொண்டே வேலை பார்த்து முழுச் சம்பளம் வாங்கியவர் உலகத்திலேயே எங்கள் 'கண்மூடி' ஒருவர்தான். வில்லியனூரில் உரக்கடை மாடியில் இருந்த எங்கள் சின்ன ஆபீசில் போன் செயலிகள் செய்தோம். அவற்றைச் சோதிப்பது அவர் வேலை. பார்வை இல்லாதவர்களுக்கும் உதவுமா என்று அறிய, கண்ணை இறுக மூடிக்கொண்டு, போன் படித்துச் சொல்வதைக் கேட்டே இயக்குவார். பழக்கம் முற்றிப்போய், மதியச் சாப்பாட்டையும் அப்படியே ஆர்டர் செய்தார். பிரியாணிக்குப் பதில் குழந்தை டயப்பர் வந்தது. அதையும் கண்ணை மூடியபடியே பிரித்து, வாசனையே வரவில்லை என்று வருத்தப்பட்டார்.

வீராம்பட்டினத்தில் கரையில் நடக்கும் மீன் ஏலத்தைப் போனுக்கு மாற்றும் வேலை எங்களுக்கு வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் 'அம்மன் துணை' இருக்க வேண்டும் என்றார்கள் மீனவர் சங்கத்தார். போட்டோம். எழுத்து, படம், பொத்தான் எதையும் விடாமல் போன் படித்தது. பார்வையற்றோருக்கான விதிப்படி எல்லாம் சரி என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

கண்மூடி போனைக் கரையில் மீன் வாங்கி விற்கும் தையலக்காவிடம் கொடுத்தார். அக்காவுக்குப் பார்வை கிடையாது. கூவுகிற குரலை வைத்தே ஏலம் எடுத்துப் பிழைத்தவர். ஏலம் போனுக்குப் போனால் தன் பிழைப்பும் போய்விடுமோ என்று பயந்திருந்தார். வஞ்சிரம் ஏலத்துக்கு வந்தது. போன் 'அம்மன் துணை' என்றது, படகுப் படத்தை வர்ணித்தது, சங்கத்தின் முழுப்பெயரைச் சொன்னது. விலைக்கு வருவதற்குள் வஞ்சிரம் வேறு கூடைக்குப் போய்விட்டது. அடுத்த மீனுக்கும் அதே கதைதான்.

"அம்மன் துணை இருக்குதுபா, மீனுதான் இல்ல," என்றார் அக்கா.

கண்மூடி என் பக்கம் திரும்பினார். "கதவு தொறந்துதான் இருக்கு. உள்ள போறதுக்குள்ள பந்தி முடிஞ்சிடுதே, இன்னா பண்றது?"

காதில் விழுவது வேறு, காரியம் ஆவது வேறு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

விலையும் 'எடு' பொத்தானும் முதலில் ஒலிக்கட்டும், அம்மன் கடைசியில் என்றார் கண்மூடி. அம்மனையே பின்னால் தள்ளுவதா என்று ஊர்ப் பெரியவர்கள் கொதித்தார்கள். அவர் அசரவில்லை.

"எழுத்துல அம்மன் மேலயே இருக்கட்டும். பேச்சுல மட்டும் கடைசி. அம்மனுக்கு இன்னாங்க அவசரம்? அக்காவுக்குதான் அவசரம்."

பெரியவர்கள் சிரித்தபடி சம்மதித்தார்கள். மாற்றினோம். வெயிலில் திரை தெரியாமல், ஈரக் கையோடு தடுமாறிய மற்ற வியாபாரிகளும் இப்போது காதால் கேட்டுத்தான் எடுக்கிறார்கள்.

மாற்றிய பிறகு நடந்த முதல் ஏலத்தில், எல்லோரையும் முந்தித் தையலக்கா ஒரு கூடை சங்கரா மீனைத் தட்டிச் சென்றார். கண்மூடி பக்கத்தில் வழக்கம்போல் கண்ணை மூடியே நின்றார். இமையோரம் ஈரம் கசிந்தது. என்ன என்று கேட்டேன். வெயில் கூசுகிறது என்றார்.

மூடிய கண்ணுக்கு ஏது வெயில்? அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும், அதனால் அதைக் கேட்கவில்லை.