ரேடியோவைத் திருப்பி அனுப்பும் விவரம்

தக்கலை,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி ரெனிஷுக்கு,

அக்கா கிரேசி எழுதுவது. இங்கு உன் அத்தான், அவருடைய சர்க்கரை, என் மாமியார், அவர்களுடைய கோபம் எல்லாம் கர்த்தர் கிருபையில் குறைவின்றி இருக்கின்றன. மஸ்கட்டில் நீயும் பெமிலாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். குரல் செய்தி அனுப்பாமல் அக்கா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஒரு கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினால் யாருக்காவது போய்ச் சேரும் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. உன்னோடு வேலை பார்க்கும் சிஜின் லீவு முடிந்து நாளைக்குத் திரும்புகிறான். இந்தக் கடிதத்தையும், நீ ஆசையாக வாங்கித் தந்த டிஜிட்டல் ரேடியோவையும், அதை இணையத்தோடு சேர்க்கிற சின்னப் பெட்டியையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன். வருத்தப்படாதே. என்னைவிடத் தகுதியான யாருக்காவது கொடு.

அஜிஷாவைக் கோயம்புத்தூரில் காலேஜில் சேர்த்துவிட்டு வந்து வீடு வெறிச்சோடிக் கிடந்தபோது நீதானே சொன்னாய், "அக்கா, நீ பிசிக்ஸ் எம்.எஸ்சி. அமெச்சூர் ரேடியோ பரீட்சை எழுதி லைசன்ஸ் எடு. பெறகு பாரு, உலகத்துல எந்த மூலையில இருக்கவனும் உங்கூட பேசுவான்" என்று. பரீட்சை எழுதினேன், தேறினேன், எனக்கென்று ஒரு அழைப்புக்குறி வந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நிம்மதியாகச் செத்திருப்பேன். பிறகுதான் தெரிந்தது, இந்த ரேடியோவை வாங்கியவுடன் பேச முடியாது. எந்த அலைவரிசை, எந்தக் குழு, எத்தனையாவது நேரக்கூறு, என்ன வண்ண எண் என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பி, வயர் வழியாக அதற்குள் ஏற்ற வேண்டும். ஒரு கட்டம் தவறினாலும் கருவி மௌனம். கல்யாண வீட்டில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் சம்மதம் இருந்தாலும், ஏதோ ஒரு மாமாவுக்கு அழைப்பு போகவில்லை என்று பந்தி நின்றுபோகுமே, அந்தக் குணம்தான் இதற்கும். வயரைச் செருகினால் கம்ப்யூட்டர் அப்படி ஒரு பொருளே இல்லை என்றது. அஜிஷாவுக்கு போன் செய்தால் "அம்மா, இன்னும் கொஞ்சம் அமுக்கிக் குத்துங்க" என்றாள். அமுக்கினேன், தெரிந்தது. ரேடியோவில் ஏற்கெனவே இருப்பதை முதலில் கம்ப்யூட்டருக்கு எடுக்க வேண்டும் என்பது தெரியாமல், கம்ப்யூட்டரில் இருந்த வெறும் கட்டங்களை அதற்குள் ஏற்றி, நீ பாதி போட்டு அனுப்பியிருந்ததையெல்லாம் ஒரே நொடியில் அழித்தேன். எல்லாவற்றையும் மறுபடி நிரப்பும்போது வண்ண எண்ணில் வந்து முட்டினேன். அத்தானுக்குப் பெயிண்ட் கடைதானே, "எந்தக் கம்பெனி சொல்லு, ஷேட் கார்டு எடுத்துட்டு வாறேன்" என்றார். கேலி இல்லை தம்பி, உதவி என்றே நினைத்துச் சொன்னார். அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

எப்படியோ எல்லாக் கட்டமும் நிரம்பி, தமிழ்க் குழுவைத் தேர்ந்தெடுத்து, பொத்தானை அமுக்கி அழைப்புக்குறியைச் சொன்னேன். பதில் இல்லை. மறுநாளும் இல்லை. சந்தேகம் வந்து, நாம் பேசியதை நமக்கே திருப்பிச் சொல்கிற சோதனை எண்ணைக் கூப்பிட்டேன். என் குரல் தெளிவாகத் திரும்பி வந்தது. அப்படியானால் கருவியில் குற்றம் இல்லை, பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. உலகத்தின் எந்த மூலையிலும் என்னோடு பேசத் தயாராக இருந்த ஒரே ஆள் நான்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அது எனக்கு முன்பே தெரிந்த சங்கதி. அதை உறுதி செய்ய இவ்வளவு செலவு தேவையில்லை.

ஆனாலும் விடவில்லை. மழைக்காலம் முழுவதும் சாயங்காலம் விளக்குப் போட்டதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். முதலில் அழைப்புக்குறி மட்டும். பிறகு வானிலை. பிறகு, ஆள் இல்லாத இடம்தானே என்று என்னென்னவோ. அவற்றை உனக்குக்கூட எழுத மாட்டேன். ஒருநாள் மாமி கதவைத் தள்ளிப் பார்த்தார்கள்.

"ஏட்டி கிரேசி, யாருகிட்டப் பேசுத?"

"யாருன்னு தெரியாது மாமி."

"பதில் வருதா?"

"இல்ல மாமி."

"அப்ப ஜெபம்தான். பண்ணு, பண்ணு" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு எனக்கு விட்டுப்போயிற்று. சாப்பாட்டு மேசையில் நான் பாதி சொல்லும்போதே அத்தான் செய்திச் சானலை மாற்றுவார். அஜிஷா "பெறகு கூப்பிடுதேன்மா" என்பாள். அதெல்லாம் பழகிப்போச்சு. வீட்டு நான்கு சுவருக்குள் கேட்க ஆள் இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம். கடல் தாண்டியும் இல்லை என்றால், கோளாறு சுவரில் இல்லை, நம்மிடம்தான் என்றல்லவா ஆகிறது. அதனால்தான் திருப்பி அனுப்புகிறேன். வேறு மனத்தாங்கல் இல்லை.

பெமிலாவை வெயிலில் அலையாமல் இருக்கச் சொல். பிள்ளைகளைக் கர்த்தர் தம்முடைய செட்டைகளின் கீழ் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
ஓசை அடங்கிய அக்கா,
கிரேசி

பின்குறிப்பு: மேலே உள்ளதை நம்பாதே. கவரை ஒட்டப் போகும்போது, கடைக்குப் போன அத்தான் விளக்குப் போடும் நேரத்திலேயே ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அத்தான் முகம் சரியில்லை.

"அம்மா, நீங்கதானா அது? கன்னியாகுமரி பக்கம் கொட்டாரத்துலேருந்து வாறேன், கிருஷ்ணமணி. பேங்க்ல இருந்து ரிட்டயர்டு, நானும் ரேடியோக்காரன்தான். தெனமும் தொண்டை கீறக் கத்துதோம், நீங்க ஒரு வார்த்தை பதில் சொல்ல மாட்டேங்கியளே."

"எனக்கு ஒண்ணும் கேக்கல்லியே சார்."

"அது தெரியும். கேட்டிருந்தா இவ்வளவு பேசியிருக்க மாட்டியளே."

வீட்டை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். "தக்கலையில பெயிண்ட் கடை, சர்ச் சபைத் தேர்தல்ல நின்னு தோத்த ஆளு, சொந்தப் பெண்டாட்டியே ஓட்டுப் போடல்ல, அவரு கடை எதுன்னு பஸ் ஸ்டாண்டுல கேட்டேன். உடனே கைகாட்டித் தந்தாவ" என்றார். வந்து அதையே கடையில் அத்தானிடமும் கேட்டிருக்கிறார். அவருடைய மனைவி பகவதியம்மாளுக்கு, என் மாமி கோபித்துக்கொண்டு இளைய மகன் வீட்டுக்குப் போனவர்கள் திரும்பிவிட்டார்களா என்று தெரியாமல் தூக்கம் இல்லையாம். பெமிலா கொடுத்தனுப்பிய அல்வா பற்றி மலேசியாவில், ஈப்போவில் உனக்குத் தெரிந்தவர்கள் யாராவது ஏதாவது சொன்னால், அது வேறு கிரேசி என்று சொல்லிவிடு.

கோளாறு இதுதான்: எந்தக் குழுவுக்குப் பேச வேண்டும் என்று ஒரு கட்டத்தில் நிரப்பியிருந்தேன், எந்தக் குழுவைக் கேட்க வேண்டும் என்று வேறொரு பட்டியல் இருக்கிறது, அதை வெறுமையாக விட்டிருந்தேன். இத்தனை நாள் கேட்காமல் இருந்தது நான்தான் தம்பி. கிருஷ்ணமணி சார் அதை நிரப்பி ஏற்றினார். அடுத்த நிமிடமே ஒரு பெரியவர் குரல், மலேசியாவிலிருந்து: "தக்கலை அம்மா இன்னிக்கும் வரலையா? உடம்புக்கு முடியலையோ?"

பொத்தானை அமுக்கினேன். ஒரு வார்த்தை வரவில்லை. விட்டுவிட்டு மறுபடி அமுக்கினேன். அப்போதும் இல்லை. மாமி, அத்தான், கிருஷ்ணமணி சார் மூவரும் நிற்கிறார்கள். கடைசியில் அத்தான்தான் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து சொன்னார்:

"சொல்லுட்டி, காத்துக்கிட்டு இருக்காவல்லா. ஓட்டுக் காரியம்தான் ஊருக்கே தெரிஞ்சாச்சு. வேற என்னமாவது சொல்லு, நானும் கேக்கேன்."

சிஜினிடம் கடிதம் மட்டும்தான் வருகிறது.