பார்த்தவுடன் திறந்த மதகு

ஒரு காட்டில் நடந்தது என்று இதை எனக்குச் சொன்னது ஒரு மரங்கொத்தி. அதற்குச் சொன்னவன் அதன் மைத்துனன். அவனும் சம்பவ இடத்தில் இல்லை, பக்கத்து மரத்தில் இருந்தானாம். ஆகவே வரிசையில் எத்தனை யானைகள் நின்றன என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. மற்றபடி நடந்தது இதுதான்.

அந்தக் காட்டில் ஒரு குளம் இருந்தது. குளத்தில் முதலைகள் குடியிருந்ததால் யாரும் கரையில் இறங்கித் தண்ணீர் குடிக்க முடியாது. அதனால் ஒரு மதகு வைத்து, வெளியே கட்டிய தொட்டியில் தண்ணீர் விட்டார்கள். மதகைத் திறப்பது முன்பு ஒரு குரங்கின் வேலையாக இருந்தது. அது தன் சொந்தக்காரர்கள் வந்தால் மட்டும் திறந்ததால், வேலையைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது என்பதுதான் அதன் முதல் தகுதி.

கம்ப்யூட்டர் அறைக்கு அதிகாரி, கரடி வேலப்பன். அவருக்குக் கீழே தனபால் என்ற மரநாய். அதற்கும் கீழே, புதிதாகச் சேர்ந்த தேவாங்கு செங்கமலம்.

செங்கமலம்தான் அவள் குலத்திலேயே பட்டம் வாங்கிய முதல் தேவாங்கு. இரவில் விழித்துப் பகலில் தூங்கும் குலம். இவளுக்கோ பகல் ஷிப்ட். பெரிய கண்கள் இரண்டும் எப்போதும் சிவந்தே இருக்கும். மகள் கம்ப்யூட்டர் ஆபீசில் இருக்கிறாள் என்று அவள் அப்பா கிளை கிளையாகப் போய்ச் சொல்லிவிட்டார். ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சேர்ந்த புதிதில் கரடி சாரிடம் ஒருமுறை கேட்டாள். பார்ப்போம் என்றார். மறுபடி கேட்டால் மரியாதையாக இருக்காது என்று காத்திருந்தாள். கோடை முடிவதற்குள் உத்தரவு வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்பா மறுபடி ஒவ்வொரு கிளையாக ஏறி, சொன்னதைத் திரும்ப வாங்க வேண்டும். தேவாங்கின் வேகத்தில் அதற்கு ஒரு வருஷம் ஆகும்.

அந்தக் கோடையில் மதகு அடிக்கடி மக்கர் செய்தது. மதகை இயக்கும் நிரல் ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் கம்ப்யூட்டர் காட்டும். மதகு மட்டும் திறக்காது.

தனபாலிடம் எல்லாக் கோளாறுக்கும் ஒரே மருந்துதான் இருந்தது. அணைத்துப் போடுவான். அணைத்துப் போட்டால் நிரல் குளத்தை முதலிலிருந்து அளக்க ஆரம்பிக்கும். அளந்து முடிவதற்குள் உச்சி வெயில் ஆகிவிடும். அதுவரை விலங்குகள் டோக்கனோடு நிற்கும். தாகம் தாங்காத காட்டெருமை ஒன்று டோக்கனைத் தின்றுவிட்டு, வரிசையில் தன் இடத்தையும் இழந்தது.

ஒருநாள் காலை, யானைக் கூட்டத்தின் தலைவி பேச்சியக்கா ஜன்னல் வழியாகத் தும்பிக்கையை உள்ளே விட்டாள். மேசை, நாற்காலி, வேலப்பன் எல்லாவற்றையும் நிதானமாகத் தடவிப் பார்த்தாள்.

"இன்னைக்கும் மத்தியானம்தான்னா, இந்த ரூமைப் பேத்து எடுத்துக் குளத்துல வச்சிடுவேன். உள்ள இருக்கிறவங்க வெளிய வர்றது முதலைங்க இஷ்டம்" என்றாள்.

வேலப்பனுக்கு உரோமத்துக்குள் வியர்த்தது. தனபாலின் கை தானாகவே சுவிட்சுக்குப் போனது. அப்போது செங்கமலம், யாருக்கும் கேட்காத குரலில், கல்லூரியில் படித்த ஒரு வழி இருக்கிறது என்றாள். இரண்டாம் முறை சொன்னபோதுதான் கேட்டது.

கர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் தலைமை அலுவலகம் என்று அவள் விளக்கினாள். அதைக் கேட்காமல் எந்த நிரலும் துரும்பைக்கூட அசைக்காது. கோப்பைத் திறக்க, திரையில் எழுத, கொஞ்ச நேரம் தூங்க, எல்லாவற்றுக்கும் அங்கே மனுப் போட வேண்டும். கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால், ஓடுகிற நிரலை அணைக்காமலே அது போடும் மனுக்களை ஒவ்வொன்றாகப் படிக்கலாம்.

"தூங்கறதுக்குக்கூட மனுவா?" என்றார் வேலப்பன்.

"ஆமா சார்."

"நல்ல ஆபீஸ்."

செங்கமலம் கவனமான பிள்ளை. எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று, கம்ப்யூட்டரில் ஓடுகிற எல்லாவற்றின் மனுக்களையும் காட்டச் சொல்லிவிட்டாள். அந்த எல்லாவற்றுக்குள் அவள் தட்டிய கட்டளையும் இருந்தது. அது திரையில் ஒரு வரி எழுதியது. எழுதுவதற்குக் கர்னலிடம் மனுப் போட்டது. மனுவைக் கண்டதும், ஒரு வரி எழுதப்பட்டது என்று இன்னொரு வரி எழுதியது. அதற்கும் ஒரு மனு. திரை அருவி மாதிரி கொட்ட ஆரம்பித்தது. தண்ணீர் வந்துவிட்டது என்று நினைத்து ஜன்னலில் இருந்த அணில் வாயைத் திறந்தது.

"மேடம், அது தன் டைரியைத் தானே படிச்சு, படிச்சேன்னு அதையும் டைரியில எழுதிட்டிருக்கு" என்றான் தனபால்.

அவள் அவசரமாக அதை நிறுத்தினாள். இந்தத் தடவை மதகு நிரலுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்திருந்த எண்ணை மட்டும் தட்டினாள். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. நிரல் எதற்கோ காத்திருக்கிறது என்றது அது. அடுத்த நொடி அந்தக் காத்திருப்பு அறுந்தது, வரிகள் கடகடவென்று ஓடின. வெளியே மதகு திறந்து தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது. பேச்சியக்கா மகிழ்ச்சியில் ஜன்னல் வழியாக அறை முழுவதும் தண்ணீர் பீய்ச்சினாள். தனபால் கம்ப்யூட்டரின் மேல் படுத்து அதைக் காப்பாற்றினான்.

என்ன செய்தாய் என்று வேலப்பன் கேட்டார்.

"நான் எதுவும் செய்யல சார். பார்த்தேன், அவ்வளவுதான்."

வேலப்பன் அதைத் தனக்குத் தெரிந்த விதத்தில் புரிந்துகொண்டார். மேலதிகாரி எட்டிப் பார்த்தால் யாருக்குத்தான் வேலை ஓடாது? நிரலும் ஓர் ஊழியன்தானே. அன்றே சிங்கத்தின் அலுவலகத்துக்கு அப்படியே எழுதிப் போட்டார்.

மறுநாளும் மதகு நின்றது. செங்கமலம் கட்டளையைத் தட்டிப் பார்த்தாள், திறந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. தேவாங்கின் கண்ணில் ஏதோ இருக்கிறது என்று காடெல்லாம் பேச்சாகிவிட்டது. குரங்குகள் படிக்காத குட்டிகளைத் தூக்கிவந்து அவள் முன்னால் உட்காரவைத்தன. கொஞ்ச நேரம் முறைத்துப் பார்க்கும்படி கெஞ்சின. அவள் கூச்சத்தோடு பார்த்தாள். ஒரு குட்டி அழுதுகொண்டே வாய்ப்பாடு சொன்னது.

செங்கமலத்துக்கு மனசு கேட்கவில்லை. காரணம் தெரியாமல் பேர் வாங்குவது காப்பியடித்து மார்க் வாங்குவது போல இருந்தது. திரையில் வந்த மனுக்களைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கடைசியில் பிடிபட்டது. மதகைத் திறக்கும் முன் நிரல், குளத்தில் இருக்கும் கருவியிடம் நீர்மட்டம் எவ்வளவு என்று கேட்கும். கருவியின் கம்பி போகும் தொட்டியோரச் சேற்றில் எருமைகள் புரண்டால் பதில் வழியிலேயே தொலைந்துவிடும். நிரல் ஒருமுறை கேட்டதோடு சரி. மறுபடி கேட்டால் மரியாதையாக இருக்காது என்பது போல, பதில் வரும்வரை நின்றுகொண்டே இருக்கும். அவளுடைய கட்டளை வந்து ஒட்டும்போது அந்த நிற்பு கலைந்து, நிரல், பாவம், புதிதாகக் கேட்பது போல மறுபடி கேட்கும். உடனே பதில் கிடைத்துவிடும். கண்ணில் ஒரு மகிமையும் இல்லை.

அதை அவள் இன்னொரு முறை படித்தாள். பிறகு, பதில் வராவிட்டால் மறுபடி கேள் என்று நிரலில் ஒரு வரி சேர்த்தாள்.

அடுத்த நாள் காலை கட்டளையைத் தட்டவில்லை. கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மதகு தானாகத் திறந்தது. அவளுக்குச் சந்தோஷம் வந்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே பயமும் வந்தது.

"மெதுவாப் பேசுங்க மேடம். மதகு தானாத் திறக்குதுன்னு தெரிஞ்சா உங்க சீட்டு காலி" என்றான் தனபால். அவன் சொன்னது கேலிக்கு. அவள் காதில் அது அப்படி விழவில்லை.

ஆனாலும் அவள் வேலப்பனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். எருமை, கம்பி, அந்த ஒரு வரி, எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்து, நிரலுக்குக் கற்றுக்கொடுத்ததைத் தானும் செய்வது நியாயம் என்று, உத்தரவைப் பற்றி மறுபடி கேட்டாள்.

வேலப்பன் நெடுநேரம் நகத்தில் ஒட்டியிருந்த தேனை நக்கினார்.

"திருத்தினதை யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல சார்."

"நீ திரையைப் பார்த்ததை?"

"வரிசையே பார்த்துச்சு சார்."

"அப்புறம் என்னம்மா. நான் மேல எழுதினது அதைத்தான். உத்தரவும் அதுக்குத்தான் வந்திருக்கு." அவர் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். இன்னும் சூடாக இருந்தது. "வந்து நாளாச்சு. நீ மறுபடி கேக்கலையேன்னு நானும் உக்காந்துட்டேன்."

நிரலுக்கு இனிமேல் யாரும் பார்க்க வேண்டியதில்லை என்று அவள் நேர்மையாக எடுத்துச் சொன்னாள்.

"நிரலுக்கு வேண்டாம்மா. பேச்சியக்காவுக்கு வேணும்."

அப்படியாகச் செங்கமலம் அந்தக் காட்டின் முதல் நிரந்தர மதகு நோக்குநர் ஆனாள். தினமும் காலையில், எல்லோரும் பார்க்க, ஜன்னலோரம் உட்கார்ந்து கட்டளையைத் தட்டிவிட்டுக் கண்ணை அகல விரிக்கிறாள். அவள் பார்ப்பதால் மதகு ஒரு கணம் தாமதமாகத் திறக்கிறது. முன்னைவிடப் பொறுப்பாகத் திறக்கிறது என்று பேச்சியக்கா எல்லோரிடமும் சொல்கிறாள். செங்கமலத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று தனபால் மனுப் போட்டிருக்கிறான். பதில் வரவில்லை. மறுபடி கேட்காமல் காத்திருக்கிறான்.

மைத்துனன் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் பிறகு சொந்தமாகச் சோதித்துப் பார்த்தேன். இப்படிக் கண்காணிக்கப்படும் நிரல், சும்மா விட்ட நிரலைவிட மெதுவாகத்தான் ஓடுகிறது.

நீதி: பழுதை யாரும் பார்க்காதபோது சரிசெய்து விடுங்கள். சம்பளம், அதன் பிறகு அதை முறைத்துப் பார்ப்பதற்குத்தான்.