மனைவி வருகை அறிவிப்பான்

அன்று ஒரு முடிவுக்கு வந்தேன். இனி பிடிபடுவதில்லை.

விஷயம் பன்றிக்கால். பின் சந்துக் கடையில் சோயாவில் சுண்ட வேகவைத்துத் தருவான். இதய டாக்டர் கூடாது என்றார். டாக்டர் சொன்னால் போகட்டும். என் மனைவி சூமானும் சொன்னாள். இரண்டு முறை மாட்டினேன். இரண்டாம் முறை தீர்ப்பே வந்துவிட்டது.

"இன்னொரு தடவ உங்க வாயில பன்னிக்காலப் பாத்தேன், இந்த மேசை தெருவுக்குப் போகும். என் தங்கச்சியோட கராவோக்கே பெட்டி இந்த எடத்துக்கு வரும்."

"அவ பாடுவாளே!"

"அதுக்குத்தான்."

அது என் பட்டறை மேசை. ஸின்ச்சூ நகரத் தொழிற்சாலையில் ஆயுசு முழுக்க வயர்லெஸ் கருவிகளுக்குச் சர்க்யூட் போட்டவன் நான். ஓய்வுக்குப் பிறகு மிஞ்சியது அந்த மேசை ஒன்றுதான். அது போனால் நானும் போனேன். தங்கச்சி பாட்டு வேறு.

புத்தியுள்ளவன் பன்றிக்காலை விட்டிருப்பான். நான் ஒரு கருவி செய்தேன்.

சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வில்லை. ரேடியோ அலை விடும். அதைச் சூமானின் சந்தைப் பைக்குள் அடித்துணிக்குக் கீழே வைத்துத் தைத்தேன். மேசையில் ஒரு ரிசீவர். பை சந்து முனைக்கு வந்தால் சிவப்பு விளக்கு எரியும். அங்கிருந்து அவள் முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறி வருவதற்குள் ஒரு பன்றிக்காலைத் தாராளமாக ஒளித்துவிடலாம். ஒளிக்க, உள்ளே ஒன்றுமில்லாத பழைய ஆசிலாஸ்கோப் கருவியின் கூடு. வாசனையை மறைக்க, சூட்டுக்கோலால் நாலு இடத்தில் ஈயம் உருக்கிப் புகை போட்டால் போதும்.

ஒரு வாரம் பிசகாமல் வேலை செய்தது. பேட்டன்ட் வாங்கலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒரு நாள் காலை சூமான் சந்தைக்குக் கிளம்பியவள் மேசையருகே நின்றாள்.

"கிழவரே, இது என்ன வெளக்கு?"

"மழைமானி."

"மழை பேஞ்சா எரியுமா?"

"வர்றதுக்கு முன்னாடியே எரியும்."

"நான் வர்றப்பல்லாம் எரியுதே?"

"நீயும் மழையும் ஒண்ணாத்தான் வர்றீங்க."

முறைப்பாள் என்று பார்த்தேன். முறைக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். பையிலிருந்து ஒரு பச்சைப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "மக்கர் பண்ணுச்சுன்னா இத மேல வைங்க."

சோளப்பொரிப் பொட்டலம். பேருக்கே 'சமர்த்தா இரு' என்றுதான் அர்த்தம். எங்கள் ஊரில் எந்த இயந்திரத்தின் மேலும் ஒன்று இருக்கும். பேங்கில், ஆஸ்பத்திரியில், தொழிற்சாலையில். பச்சைதான் வைக்க வேண்டும். வேறு நிறம் வைத்தால் இயந்திரம் படுத்துக்கொள்ளும். தேதி கடந்திருக்கக் கூடாது. பிரித்துத் தின்னவும் கூடாது. நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. தேதியை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

அவள் போனாள். பன்றிக்கால் வந்தது. வாயைத் திறந்தேன்.

சிவப்பு.

தட்டைக் கூட்டுக்குள் தள்ளினேன். ஈயம் வைத்தேன். வாயைத் துடைத்தேன். யாரும் வரவில்லை. விளக்கு அணைந்தது.

தட்டை எடுத்தேன். சிவப்பு. தள்ளினேன். அணைந்தது. எடுத்தேன். சிவப்பு.

நெஞ்சு அடித்துக்கொண்டது. பன்றிக்கால் தின்னாமலே டாக்டரிடம் போய்விடுவேன் போலிருந்தது. பக்கத்து வீட்டு மைக்ரோவேவ் அடுப்பா? தகரக் கூரையில் அலை பட்டுத் திரும்புகிறதா? ஒரு கெப்பாசிட்டரை மாற்றினேன். அப்படியேதான் எரிந்தது. பொறுக்க முடியாமல் அவளுக்குப் போன் போட்டேன்.

"எங்க இருக்க?"

"மார்க்கெட்ல. மீன் வாங்குறேன்."

"ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"மீன் விக்கிற வெல அப்படி. என்ன, மழை வருதா?"

"இல்ல... சும்மாதான்."

"சும்மா எனக்குப் போன் பண்ற ஆளா நீங்க?"

வைத்துவிட்டேன். விளக்கு மறுபடி எரிந்தது. பச்சைப் பொட்டலத்தைப் பார்த்தேன். நான் படித்தவன். சுற்றிலும் ஒரு முறை பார்த்துவிட்டு, எடுத்து ரிசீவர் மேல் வைத்தேன். அதற்கு இன்னும் பெட்டி செய்யவில்லை. பொட்டலம் சரிந்து ஆன்டெனாவைப் போர்வை மாதிரி மூடிக்கொண்டது.

விளக்கு அணைந்தது.

காத்திருந்தேன். எரியவில்லை. இன்னும் காத்திருந்தேன். சமர்த்தாக இருந்தது. அப்பாடா என்று தட்டை எடுத்து முதல் கடி கடித்தேன்.

"கொழுப்பு நல்லா வெந்துருக்கா?"

முதுகுக்குப் பின்னால் சூமான். தோளில் பை. பைக்குள் வில்லை.

"நீ... மார்க்கெட்ல..."

"சந்து முனைல. பைய அலசுனப்பவே அந்தப் பொத்தான் கையில பட்டுச்சு. காலைலேருந்து உள்ள வரேன், வெளிய போறேன். முழங்கால் கழண்டுபோச்சு. எப்படா இந்த மனுஷன் பொட்டலத்த வைப்பாரு, ஜன்னல்ல அந்தச் செவப்பு அணையும்னு பாத்துக்கிட்டே நடந்தேன்."

பொட்டலத்தை எடுத்தாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது. கிழித்தாள். உள்பக்கம் வெள்ளித் தகடு மாதிரி மின்னியது.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து ரேடியோ மேல ஒரு பிஸ்கட் டப்பா வைக்க விட்டிருப்பீங்களா? தகரம் பட்டா ஆன்டெனா செத்துரும்னு கத்துவீங்களே. எனக்கு மறக்கல." ஒரு பொரியை வாயில் போட்டுக்கொண்டாள். "ஒங்களுக்கு மறந்துபோச்சு."

"மேசை?" என்றேன்.

மேசையைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள்.

"இருக்கட்டும். மெஷின் நல்லாத்தான் இருக்கு."

மேசை இருக்கிறது. ரிசீவர்தான் இப்போது சூமான் ஏற்பாட்டில் பின் சந்துப் பன்றிக்கால் கடையில் இருக்கிறது, வில்லை என் சட்டைக் காலருக்குள். நான் சந்து திரும்பும்போதே கடைக்காரன் அண்டாவை மூடிவிடுகிறான். மூடுவதற்கு நேரம் பத்தவில்லை என்று அவன் புகார் சொன்னானாம். சூமான் என் மேசை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். இன்னும் எட்டத்திலேயே விளக்கு எரிகிற மாதிரி நேற்று நானே மாற்றிக் கொடுத்தேன்.