ஏழாம் நாள் மந்திரிசபை

"ஏழே நாளா, டீச்சர்?" என்று கேட்டார் இராயப்பன்.

"ஆமாங்க. ஏழாம் நாள் சட்டசபை கூடுச்சு. எதிராளுங்க எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து கவுத்துட்டாங்க. இதைச் சொல்றதுக்குள்ளதான் நீங்க கைதட்டிட்டு எழும்பிப் போயிட்டீங்களே!" என்றார் கலாராணி டீச்சர்.

உண்மைதான். 1899இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உலகத்தின் முதல் தொழிலாளர் கட்சி அரசு அமைந்த கதையை, போன ஞாயிறு டீச்சர் சொல்லத் தொடங்கினார். சுரங்கத்தில் வேலை செய்தவர் முதலமைச்சர் ஆனார் என்ற இடத்திலேயே இராயப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. இலங்கையில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் லயத்துக்கு அவர் தலைவர். வரிசையாக இருபது தொழிலாளர் வீடுகள். மறுநாளே ஐந்து பேரை மந்திரிகளாக்கி, தான் முதல் மந்திரியானார். ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் மாபெரும் வெற்றிக் கூட்டம் என்று நோட்டீசும் ஒட்டினார்.

இன்று ஆறாம் நாள்.

"இதை வேற யார்கிட்டயும் சொல்லலையே, டீச்சர்?"

"அழகர் நேத்து வந்து கேட்டாரு. அவரு முழுசாக் கேட்டாருங்க."

இராயப்பன் சிலுவை போட்டுக்கொண்டார். பழைய தலைவர் அழகரைத் தோற்கடித்த நாளிலிருந்து அவரை 'முன்னாள்' என்றே கூப்பிட்டு, லயம் முழுவதையும் பழக்கி வைத்தவர் இவர்தான். முன்னாளுக்கு லயத்து நாய்கூட வாலாட்டுவதில்லை. நாளைக் கூட்டத்தில் அழகர் ஆட்சியைக் கவிழ்த்து, அந்தப் பட்டம் தனக்கு வந்தால்?

வாசலில் வெறும் குடத்தோடு நின்றாள் மனைவி றீட்டா. "நாலு நாளாக் குழாயில தண்ணி இல்லைங்க."

"ஆட்சியே ஆடுது, குழாயைத் தூக்கிக்கிட்டு வந்துட்டா!"

கூட்டத்தை ரத்துச் செய்தால் பயந்துவிட்டான் என்பார்கள். நேரே அழகர் வீட்டுக்கு நடந்தார்.

"அழகரண்ணே, கூரை இலாகாவை நீங்கதான் பாக்கணும்."

"பாக்கலாம். என் பின்னால நாலு வீடு இருக்கே?"

கூரைத் தகரம் ஒன்று, கூரை ஆணி ஒன்று, ஒழுகல் ஒன்று, மழைத்தண்ணி இறங்கும் பீலி ஒன்று என்று அந்த நாலு வீட்டாரும் மந்திரியானார்கள். அரைமணி நேரத்தில் முதல் ஐவரில் தண்ணீர் மந்திரியான ரஜீவ் பாய்ந்து வந்தான்.

"ஒழுகுறதும் தண்ணிதானே? அது என் இலாகா! நாளைக்குக் கூட்டத்துல உங்களுக்கு எதிரா நானே எழும்புவேன்!"

அவனைச் சமாளிக்க அவன் கூட்டாளிகளுக்குத் தொட்டி ஒன்று, குழாய் ஒன்று எனப் பிரித்துக் கொடுத்தார். அந்தச் செய்தி மலையில் கொழுந்து பறிப்பவர்களுக்கும் எட்டியது. கொழுந்துக் கூடையோடு ரெங்கம்மா ஐந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அட்டை கடிக்கிறது எங்களை. மந்திரி மட்டும் ஆம்பளைங்களா?"

ரெங்கம்மா அட்டை மந்திரியானாள். மற்றவர்களுக்குத் தராசு, இடுப்பில் கட்டும் படங்கு, பாதை, கோழி, விறகு. பொழுது சாய்வதற்குள் பதினெட்டு வீடுகளிலும் மந்திரி. இராயப்பனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஞாயிறு காலை, பிள்ளைக்காம்பரா வாசலில், அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் விஜயலெட்சுமி மறித்தாள்.

"எங்க வீட்டை மட்டும் விட்டுட்டீங்களேண்ணே? உள்ள எழும்பிக் கேக்கத்தான் போறேன்."

ஒருத்தி எழும்பினால் எல்லோரும் எழும்புவார்கள். குயின்ஸ்லாந்து கண்முன் வந்தது. கொடுக்க இலாகாவே இல்லை, ஒன்றைத் தவிர.

"தங்கச்சி," என்றார், "முதல் மந்திரி நீதான். கூட்டம் முடியிறவரைக்கும்தான், சரியா?"

அவள் தலையாட்டி, உள்ளே போய் முதல் மந்திரி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இந்த ஆட்சி வேணாங்கிறவங்க எழும்புங்க!" என்று கத்தினார் அழகர்.

இராயப்பன் கண்ணை இறுக மூடினார். ஒரு பெஞ்சும் கிரீச்சிடவில்லை. கண்ணைத் திறந்தார். ஏழாம் நாள் தாண்டிவிட்டது! ஆஸ்திரேலியாக்காரனால் முடியாதது!

"தங்கச்சி, எழும்பும்மா. நாற்காலி."

"எதுக்குண்ணே எழும்பணும்? ஆட்சிதான் கவுழலையே?"

பின்னாலிருந்து றீட்டா குடத்தைத் தூக்கிக் காட்டினாள். "அப்ப எங்க குழாய்க்கு யாருங்க பதில் சொல்றது?"

அட்டை மந்திரி ரெங்கம்மா கதவைத் திறந்து பிடித்தாள்.

"இங்க இருக்கிறதெல்லாம் மந்திரிங்க, முன்னாள்! மக்கள்னு மிச்சம் உங்க வீடு ஒண்ணுதான். மனுவை எழுதிக்கிட்டு வெளிய வரிசையில நில்லுங்க."